நல்லை நல்லபடியாகக் கையாள்வது எப்படி?

மன்னார்ப் பக்கத்து முருங்கனில் இருப்பவர்களுக்கும் முருங்கனை பஸ்ஸிலோ ரயிலிலோ கடந்து போகிறவர்களுக்குமான ஒன்பது படி வழிகாட்டி

முதலில் ஓர் எச்சரிக்கை. இங்கே 'நல்' என்பது நல்வரவில் வருகிற நல் இல்லை. 'நல்லை' என்ற சொல்லைப் பார்த்ததும் யாழ்ப்பாணத்து வாசகர்கள் நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுக்கொண்டு உள்ளே வரவும் வேண்டாம். இது கணினி நிரல் எழுதுகிறவர்களின் நல். ஒரு பெட்டிக்குள் எதுவுமே கிடையாது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். தமிழில் அது நன்மை, அவர்களிடத்தில் அது இல்லாமை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல் நடுவழியில் குப்புற விழுந்து கிடந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் இதுதான்.

இந்த வழிகாட்டி எழுத நேர்ந்த கதை சிறியது. எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் கமக்காரர் அமைப்புக்கென்று கைத்தொலைபேசியில் ஓடும் பதிவேடு ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினான். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் யாருக்கு எந்த வாய்க்கால், எத்தனை ஏக்கர், யாருடைய முறை எந்த நாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பொதுநோக்கு மண்டபத்தில் கதிரை போட்டு வெள்ளோட்டம் நடந்தது. மூன்றாவது கமக்காரரின் பெயரைத் தொட்டதும் நிரல் நின்றுவிட்டது. அவரிடம் போன் கிடையாது. இல்லாத போனின் எண்ணைப் பிரித்துப் பார்க்கப் போன நிரல், சிவப்பு எழுத்தில் ஆங்கிலம் கக்கியது.

"போன் இல்லாததுக்கு இப்பிடிக் கோவிக்குதே" என்றார் அவர்.

அன்றிரவு பெடியன் புதிய மொழிகளில் வந்திருக்கும் கேள்விக்குறிகளைப் படித்தான். மறுநாள் வரிக்கு வரி கேள்விக்குறி போட்டுக்கொண்டு வந்தான். நிரல் அதற்குப் பிறகு விழவே இல்லை. விழாததால் வந்த வினைகளில் இருந்துதான் கீழ்வரும் படிகள் பிறந்தன.

தேவையான பொருட்கள்

கணினி 1. பிளேன்ரீ, தேவையான அளவு. தண்ணீர் முறையைக் கவனிக்கும் வட்டவிதானையாரின் பழைய கொப்பி 1 (கையில் தரமாட்டார், பக்கத்தில் இருந்து பார்க்கலாம்). சைக்கிள் 1, ஏன் என்பது கடைசியில் தெரியும். மின்சாரம், வந்தால்.

படி 1: யார் செய்த வேலை என்று அறிந்துகொள்ளுங்கள்

எந்தத் திருத்த வேலையும் நம்மூரில் 'இதை முதலில் செய்தவன் ஆர்?' என்று கேட்டுத்தான் தொடங்கும். செய்தவர் டோனி ஹோர். சாதாரண ஆள் இல்லை. பட்டியல்களை விரைவாக வரிசைப்படுத்தும் 'குவிக்சோர்ட்' முறையைக் கண்டுபிடித்தவர். 1965இல் அல்கோல் டபிள்யூ என்ற மொழியை வடிவமைத்தபோது, செய்வதற்கு மிகவும் சுலபமாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக நல்லை அதற்குள் வைத்தார். 2009இல் லண்டன் மாநாடு ஒன்றில் அதைத் தன்னுடைய 'பில்லியன் டொலர் தவறு' என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார்.

அவர் 1934இல் பிறந்தது கொழும்பில். ஆகவே முருங்கன்வாசிகள் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கொழும்பில் பிறந்த பிரச்சினை மதவாச்சி தாண்டி இங்கே வந்து சேர்வது புதுக்கதையா?

படி 2: வெறுமையைத் தரம் பிரியுங்கள்

நெல்லைப் பதர் போகத் தூற்றுவதுபோல, வெறுமையையும் தூற்றிப் பார்க்க வேண்டும். 'எத்தனை மாடு?' என்று பெடியனின் படிவம் கேட்டது. நான்கு வீட்டில் நான்கு பதில்கள்.

"மாடு இல்லை."
"தெரியாது தம்பி, காட்டுக்குள்ள நிக்குது."
"நான் மேசன். என்னட்ட ஏன் மாட்டைக் கேக்கிறீர்?"
"மாட்டுக்கணக்கு உமக்கு என்னத்துக்கு?"

நான்கையும் பெடியன் நல் என்று பதிந்தான். முதலாவது உண்மையில் பூச்சியம். பூச்சியம் ஒரு விடை, வெறுமை இல்லை. இரண்டாவது தெரியாது. மூன்றாவது பொருந்தாது. நான்காவது சொல்லமாட்டேன். நான்கு வேறு சொற்களைத் தமிழ் தயாராக வைத்திருக்கும்போது, நிரல் நான்கையும் ஒரே சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டது. பிறகு 'மாடு இல்லாத வீடுகள்' என்று கேட்டால், காட்டில் மாடு நிற்கிறவரும் அந்தப் பட்டியலில் வருவார்.

ஜாவாஸ்கிரிப்ட் தன் பங்குக்கு இல்லாமையை இரண்டாக வைத்திருக்கிறது: 'நல்', 'அன்டிஃபைண்ட்'. முன்னது 'இல்லை என்று எழுதி வைத்திருக்கிறோம்'. பின்னது 'அப்படி ஒன்றைக் கேள்விப்படவே இல்லை'. நல் என்ன வகை என்று அதே மொழியிடம் கேட்டால் 'பொருள்' என்று பதில் சொல்லும். 1995இல் புகுந்த பிழை. அதை நம்பி எழுதிய நிரல்கள் பெருகிவிட்டதால் இன்றுவரை திருத்தவில்லை. வரம்பை ஒருமுறை கோணலாகக் கட்டிவிட்டால் பக்கத்து வயலும் அதே கோணலில்தான் போகும்.

படி 3: '?.' போடுங்கள், ஆனால் படகு ரயிலை மறக்காதீர்கள்

புள்ளிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி. சிஷார்ப் மொழிக்கு 2015இலும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் பிஎச்பிக்கும் 2020இலும் வந்தது. பிஎச்பியில் மட்டும் புள்ளிக்குப் பதில் அம்புக்குறி. பழைய புள்ளி, படலையை இடித்துக்கொண்டு உள்ளே போய், வீடே இல்லாத வளவில் விழுகிற ஆள். கேள்விக்குறி போட்ட புள்ளி, படலையில் நின்று 'வீட்டுக்காரர்!' என்று கூப்பிட்டுப் பார்த்து, சத்தம் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் திரும்புகிற ஆள்.

நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த வரியைப் பாருங்கள். (ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். பகிடி இல்லை, ஓடும்.)

பயணம் = கொழும்பு?.மதவாச்சி?.முருங்கன்?.தலைமன்னார்?.கப்பல்?.தனுஷ்கோடி?.சென்னை

1914 மார்ச் தொடக்கம் படகு ரயில் என்ற பெயரில் இந்தச் சங்கிலி ஓடியது. கொழும்பில் ஏறியவர் எங்கள் ஸ்டேசனைக் கடந்து தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து ரயிலில் சென்னை போனார். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டு போனது. 1980களின் முற்பாதியில் கப்பல் நின்றது. 1990இல் போரினால் ரயிலும் நின்றது. 2015 மார்ச் 14இல் தலைமன்னார்வரை ரயில் திரும்பி வந்தது, கப்பல் வரவில்லை.

இப்போது 1970, 1983, 1995, 2016 என்று நான்கு ஆண்டுகளை அந்த வரியிடம் கொடுங்கள். நான்குக்கும் ஒரே பதில்: அன்டிஃபைண்ட். எந்தக் கண்ணி அறுந்தது, புயலா போரா, ஒன்றும் சொல்லாது. அதிலும் 1970இன் பதில் அநியாயம். அப்போது கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் சென்னைக்குப் போய்ச் சேலை வாங்கி வந்தார்கள். நிரல் மட்டும் தனுஷ்கோடி இல்லை என்று சொல்லிப் படலையிலேயே திரும்பிவிட்டது.

ஆகவே விதி: இரண்டு கேள்விக்குறிக்கு மேல் ஒரே வரியில் கோத்தால் நின்று யோசியுங்கள். இருந்தே ஆகவேண்டிய கண்ணிக்குக் கேள்விக்குறி போடாதீர்கள். அது இல்லாதபோது நிரல் விழுவதுதான் நல்லது; விழுந்தால்தான் எங்கே விழுந்தது என்று தெரியும்.

படி 4: குளத்தைப் பார்த்து '??' போடுங்கள்

'இடப்பக்கம் நல்லாக இருந்தால் வலப்பக்கத்தை எடு' என்பது இரட்டைக் கேள்விக்குறி. சிஷார்ப்பில் 2005இலேயே இருந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2020இல் வரும்வரை, ஆட்கள் இரண்டு செங்குத்துக் கோடுகளை வைத்து அந்த வேலையைப் பார்த்தார்கள். பெடியனும் ஒரு சின்னக் குளத்துக்கு இப்படி எழுதியிருந்தான்:

காட்டு = நீர்மட்டம் || 6

நீர்மட்டம் பதியப்படாவிட்டால் 6 அடி என்று காட்டட்டும் என்பது அவன் எண்ணம். செங்குத்துக் கோடுகளுக்கோ நல்லும் பூச்சியமும் வெற்றுச்சொல்லும் ஒன்றுதான். சிறுபோகக் காலத்தில் குளம் வற்றி, அளந்தவர் நேர்மையாக 0 என்று பதிந்தார். திரை 6 அடி என்று காட்டியது. குளத்தில் மாடு படுத்திருந்தது, போனில் தண்ணீர் நின்றது. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று இருக்கிற தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவெடுக்கும் ஊரில் இது சின்னப் பிழை இல்லை.

'||' என்பதை '??' ஆக மாற்றியதும் 0 பூச்சியமாகவே வந்தது. பெடியன் மகிழ்ந்தான். வட்டவிதானையார் மகிழவில்லை.

"அளக்காத நாளுக்கு என்ன காட்டும்?"
"ஆறு அடி, ஐயா."
"ஆர் சொன்னது ஆறு எண்டு?"

இந்தக் கேள்விக்குக் கணினி அறிவியலில் நல்ல பதில் இல்லை. அருவி ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து, வாய்க்கால் வெட்டிக் கட்டுக்கரைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள், தண்ணீர் வரும் என்று நம்பி விதைக்கவில்லை. வந்ததைப் பார்த்துவிட்டு விதைத்தார்கள். கடைசியில் அந்த வரி இப்படி ஆனது:

காட்டு = நீர்மட்டம் ?? "அளக்கவில்லை"

ஒரு துணுக்கு: '??' குறியையும் '||' குறியையும் அடைப்புக்குறி போடாமல் ஒரே கோவையில் கலந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அந்த நிரலையே ஏற்காது. கதைபேச்சு இல்லாத இரண்டு சகலன்களை ஒரே வாங்கில் இருத்துவதுபோல. நடுவில் ஆள் வேண்டும்.

படி 5: '??=' போட்டால் பென்சிலால் போடுங்கள்

இது பெட்டி வெறுமையாக இருந்தால் மட்டும் நிரப்பிவிடும் குறி. '??' காட்டும்போதுதான் பொய் சொல்லும். இது பொய்யைப் பதிவேட்டிலேயே எழுதிவிடும். போன் இல்லாத கமக்காரர்களுக்குப் பெடியன் இதை வைத்து அமைப்பின் தலைவருடைய எண்ணை நிரப்பினான். அடுத்த தண்ணீர் முறைக்குத் தலைவருக்கு ஒரே விடியலில் பதினொரு அறிவித்தல்கள் போயின. பதினொரு பேரின் வாய்க்காலையும் திறக்க வேண்டியவர் தான்தான் என்று நினைத்து மனுசன் மண்வெட்டியோடு புறப்பட்டுவிட்டார்.

நிரப்பவே கூடாது என்று சொல்லவில்லை. பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு நம் நாட்டில் உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதன் அழகு அந்த முதற்சொல்லில் இருக்கிறது. வயதைப் போடுகிறார்கள், அது உத்தேசம் என்பதையும் தாளின் நெற்றியிலேயே போடுகிறார்கள். நீங்களும் நிரப்புகிற ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி வையுங்கள்: கேட்டு எழுதியதா, உத்தேசமா?

படி 6: எது வெறுமையாக இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

2014இல் வந்த சுவிப்ட், 2016இல் முதற்பதிப்பு கண்ட கொட்லின், 2021இல் தன்னைத் திருத்திக்கொண்ட டார்ட் ஆகிய மொழிகள் வேறு வழி எடுத்தன. எந்தப் பெட்டிக்கு நல் வரலாம் என்று நீங்கள் கேள்விக்குறி போட்டு முதலிலேயே அறிவிக்க வேண்டும். அறிவிக்காத பெட்டியில் நல்லை வைக்க மொழியே விடாது. படலையில் ஆளைக் காவல் வைத்தது மாதிரி.

இதைப் படித்த உற்சாகத்தில் எல்லாப் பெட்டியையும் கட்டாயமாக்கிவிடாதீர்கள். கட்டாயப் பெட்டியின் மகிமை தமிழனுக்குத் தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். வெளிநாட்டுப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் விடமாட்டேன் என்று நின்றால் அப்பாவின் பெயரைப் போடுகிறோம். பிறகு பாரிசிலும் ரொறன்ரோவிலும் எல்லோரும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அப்பாவோ முருங்கனில் வரம்பு வெட்டிக்கொண்டு நிற்கிறார். வெறுமையைத் தடைசெய்தால் வெறுமை ஒழியாது, வேடம் போட்டுக்கொண்டு வரும்.

படி 7: '!!' என்பது பஸ் கொண்டக்டர்

கொட்லினில் இரண்டு ஆச்சரியக்குறி, சுவிப்டிலும் டார்ட்டிலும் ஒன்று. பொருள்: 'இதற்குள் நல் இல்லை. நான் சொல்கிறேன், நம்பு.' மன்னார் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு 'ஏறுங்க ஏறுங்க, உள்ளுக்கு இடம் இருக்கு' என்று கத்துகிறவரும் இதையேதான் சொல்கிறார். இடம் இருந்தால் பயணம் சுகம். இல்லாவிட்டால் நிரல் அந்த இடத்திலேயே விழும்.

கொட்லினில் '?:' என்றொரு குறியும் உண்டு, '??' செய்கிற வேலைக்கு. சாய்த்துப் பார்த்தால் எல்விஸ் பிரெஸ்லியின் முன்மயிர்ச் சுருள் தெரியும் என்று அதற்கு எல்விஸ் குறி என்று பெயர். நான் கழுத்துச் சுளுக்கும்வரை சாய்த்துப் பார்த்தேன். எங்கள் சலூனில் தொங்கும் எம்.ஜி.ஆர். படம்தான் தெரிந்தது.

படி 8: 'நல்' என்று எழுத்தில் எழுதாதீர்கள்; பெரிய இடத்தைப் பார்த்து ஆறுதலும் அடையாதீர்கள்

கலிபோர்னியாவில் ஜோசப் டார்ட்டாரோ என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர், 2016இல் தன் காருக்கு 'நல்' என்று ஆங்கிலத்தில் இலக்கத்தகடு வாங்கினார். பகிடிக்குத்தான். இலக்கம் பதியப்படாத வண்டிகளின் தண்டச் சீட்டுகள் எல்லாம் அவர் வீட்டுக்கு வரத் தொடங்கின. மொத்தம் 12,049 டொலர். வெறுமையும் 'வெறுமை' என்ற சொல்லும் ஒன்று என்று யாரோ எழுதிய நிரல் நினைத்திருக்கிறது. படிவத்தில் கோடு இழுப்பதும் 'இல்லை' என்று எழுதுவதும் அதே வியாதியின் உள்ளூர் வடிவங்கள். பெடியனின் பதிவேட்டில் 'இல்லை' என்ற வாய்க்காலில் மட்டும் பத்து ஏக்கர் இருந்தது.

இதெல்லாம் சின்ன ஊர்ச் சின்னப் பெடியன் விடும் பிழை என்கிறவர்களுக்கு: 2025 ஜூன் 12ஆம் திகதி கூகிளின் மேகக்கணிச் சேவை உலகம் முழுவதும் தடுமாறியது. ஜீமெயில் முதல் ஸ்பொட்டிஃபை வரை ஆட்டம் கண்டன. மே 29இல் சேர்த்த புதிய நிரற்பகுதி ஒன்று பயன்படாமல் கிடந்தது. ஜூன் 12இல் சில பெட்டிகள் வெறுமையாக விடப்பட்ட விதி ஒன்று பதிவேட்டுக்குள் வந்து, நொடிகளில் உலகெங்கும் பரவியது. நிரல் அந்த வெறுமைக்குள் கையை விட்டது, விழுந்தது. எழும்பித் திரும்பவும் கையை விட்டது, திரும்பவும் விழுந்தது. கூகிள் பின்னர் வெளியிட்ட அறிக்கையில் குற்றவாளி பழைய ஆள்தான்: நல் சுட்டி.

படி 9: சில பெட்டிகளை நிரப்பாதீர்கள்

இந்தப் படியில் பகிடி இல்லை. பெடியனின் படிவத்தில் 'கணவர்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு தெரிவுகள் இருந்தன: உயிருடன் இருக்கிறார், காலமானார். ஓர் அம்மா போனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். இரண்டையும் தொடாமல் திருப்பிக் கொடுத்தார். பெடியன் அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒரு '??' போட்டு வைத்திருந்தான். நிரல் விழவில்லை, காலமானார் என்று பதிந்துகொண்டது.

நம் நாட்டுச் சட்டத்துக்கே இந்த மூன்றாவது விடையை ஒத்துக்கொள்ளக் காலம் எடுத்தது. காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று எழுதி வாங்காமல், அவரைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016இல்தான் சட்டம் இடம் கொடுத்தது. மன்னாரில் நிரல் எழுதுகிறவர், இருக்கிறார் இல்லை என்ற இரண்டோடு நிறுத்த முடியாது. காத்திருக்கிறவர்களுடைய பெட்டியில் உங்கள் உத்தேசத்துக்கு வேலை கிடையாது.

அன்று மாலை பெடியன் அந்த '??' குறியை அழித்தான். பிறகு வட்டவிதானையாரிடம் போய், கொப்பியை எப்படி எழுதுகிறார் என்று முதன்முறையாகக் கேட்டான். கொப்பியிலும் வெறும் பெட்டிகள் இருந்தன. சிலவற்றில் மையால் ஒரு கோடு. சிலவற்றில் பென்சிலால் ஒரு புள்ளி.

"கோடு எண்டால் இல்லை. புள்ளி எண்டால் நான் இன்னும் கேக்கல்ல" என்றார்.
"ஒண்டுமே போடாதது?"
"அது கேக்கக் கூடாதது, தம்பி."

முடிவாக

குறிகள் நல்லவை. '?.' உங்கள் நிரலை விழாமல் பிடிக்கும். '??' அதற்குப் பேச ஒரு வார்த்தை கொடுக்கும். ஆனால் பெட்டி ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதை எந்த மொழியின் எந்தப் புதிய பதிப்பும் உங்களுக்காகப் போய் விசாரித்து வராது. அதற்குத்தான் தேவையான பொருட்களில் சைக்கிள். நானாட்டான் பக்கம், வங்காலைப் பக்கம், சிலாவத்துறை றோட்டு என்று போய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தந்தால் பிளேன்ரீயும் குடியுங்கள்.

புறப்பட முன்னர் சில்லில் காற்று இருக்கிறதா என்று ஒருமுறை அமத்திப் பாருங்கள். இருக்கும் என்று நினைத்து ஏறுவதற்குப் பெயர்தான் '!!'.